பெயர் சொல்லிக் கேட்கும் மன்றாட்டு: அகக்குறை நீங்கக் கிறிஸ்தவர் செய்யும் செபமும் கிழக்குக் கரையின் சமய அயலும்

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு வரும் கரையோரப் பெருந்தெருவில் கல்லாறு, பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. முஸ்லிம்களும் சைவர்களும் கிறிஸ்தவர்களும் ஒரே தமிழைப் பேசி, ஒரே சந்தையில் வாங்கி விற்று வாழும் இந்தக் கரையில், அயலவரின் பெருநாள் எது, நோன்பு எது, கல்யாணச் சடங்கு எவ்வாறு நடக்கும் என்பன எல்லோருக்கும் தெரிந்தவையே. ஆனால் அவர் தனித்திருந்து இறைவனிடம் எதைக் கேட்கிறார் என்பது மிகச் சிலருக்கே தெரியும். கைத்தறி நெசவுக்கும், புலவர்மணி ஆ. மு. ஷரிபுத்தீன் போன்றோரின் புலமைக்கும் பெயர்பெற்ற மருதமுனையில் இருந்து நோக்கும் ஒரு முஸ்லிம் வாசகருக்குக் கிறிஸ்தவச் செபத்தைப் பற்றி இரண்டு எண்ணங்கள் இலகுவில் தோன்றக்கூடும். கிறிஸ்து மனிதரின் பாவத்தைச் சுமந்துவிட்டார் என்று நம்புகிறவருக்குத் தம் குணக்கேட்டோடு போராடும் தேவை இராது என்பது ஒன்று. குருவானவரிடம் சொல்லிவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடும் என்பது மற்றது. இவ்விரண்டும் கிறிஸ்தவ மரபின் நடுவே ஏறத்தாழ 1,600 ஆண்டுகளாக இருந்துவரும் ஓர் ஒழுக்கத்தைக் காணத் தவறுகின்றன.

தன் உள்ளத்தில் வேர்கொண்ட கோபம், பொறாமை, பெருமை, பேராசை போன்ற ஒரு கோணலை அடையாளங்கண்டு, அதனைப் பெயர் சொல்லி இறைவன்முன் வைத்து, அதிலிருந்து விடுபடத் துணை வேண்டி, அன்றாடம் அதனோடு போராடுவதே அந்த ஒழுக்கம். இங்கே அகக்குறை என்பது செய்து முடித்த தனியொரு குற்றத்தைக் குறிக்காது. குற்றங்களைத் திரும்பத் திரும்பப் பிறப்பிக்கும் மனப்போக்கையே குறிக்கும். செய்த குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்பதும், குற்றம் பிறக்கும் இடத்தைச் சீராக்கித் தருமாறு கேட்பதும் இரண்டு வேறு மன்றாட்டுகள். முன்னதையே எல்லோரும் அறிவர். பின்னதே கடினமானது, அதுவே இக்கட்டுரையின் பொருள்.

இந்த மன்றாட்டின் மூலங்கள் விவிலியத்திலேயே உள்ளன. தாவீது அரசர் பத்சேபாவோடு செய்த குற்றத்தை நாத்தான் இறைவாக்கினர் முகத்துக்கு நேரே சுட்டிக்காட்டியபின் பாடியதாகக் கூறப்படும் 51ஆம் திருப்பாடல், மன்னிப்பைக் கேட்பதோடு நில்லாமல் தூய உள்ளம் ஒன்றைப் புதிதாகப் படைத்துத் தருமாறு கேட்கிறது. முஸ்லிம் வாசகர் இவ்விடத்தில் தயங்குவது இயல்பே. தாவூத் நபி அவர்களைப் பெரும்பாவத்திலிருந்து காக்கப்பட்ட இறைத்தூதராகவே இஸ்லாம் காண்கிறது. அவர் பாவமன்னிப்புத் தேடிச் சிரம்பணிந்ததை அல்குர்ஆன் 38ஆம் அத்தியாயத்தில் குறிப்பிட்டாலும், விவிலியம் சொல்லும் நிகழ்ச்சியை அவர்மீது ஏற்றிக் கூறுவதைப் பெரும்பாலான மார்க்க அறிஞர் ஏற்பதில்லை. இந்த வேறுபாட்டை மழுப்புவதால் பயனில்லை. கிறிஸ்தவர் தம் செபத்தின் முன்மாதிரியை விழுந்தெழுந்த ஒருவரிடம் தேடுகின்றனர் என்பதே அந்தச் சமயத்தின் மனப்பாங்கைக் காட்டும் முக்கியமான செய்தி. இத்திருப்பாடலோடு 6, 32, 38, 102, 130, 143 ஆகிய எண்ணுடையவற்றையும் சேர்த்து மனத்துயரத் திருப்பாடல்கள் ஏழு என்று மேலைத் திருச்சபை வகுத்து, தவக்காலத்தில், அதாவது உயிர்ப்புப் பெருநாளுக்கு முந்திய நாற்பது நாள் நோன்புக் காலத்தில், ஓதிவந்தது.

இரண்டாவது மூலம் பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 7ஆம் அதிகாரம். நன்மையை விரும்பியும் அதைச் செய்ய இயலாமல், வெறுக்கும் தீமையையே செய்துவிடும் மனிதனின் தவிப்பை அவர் அதிலே தன்மையிடத்தில் வைத்துப் பேசுகிறார். அவ்வாறு பேசுபவர் கிறிஸ்துவை அறியுமுன்னிருந்த பவுலா, அறிந்த பின்னும் போராடிக்கொண்டிருக்கும் பவுலா என்பது நெடுங்காலச் சர்ச்சை. அகுஸ்தீனாரே முதலில் முன்னதைச் சரியென்று கருதி, முதுமையில் பின்னதை ஏற்றுக்கொண்டார். அவருடைய இந்த மனமாற்றம் சிறியதன்று. ஞானமுழுக்குப் பெற்று, ஆயராகி, உலகம் போற்றும் அறிஞராக விளங்கியபின்னும் தம் உள்ளம் இன்னும் முற்றாகத் தம் வசப்படவில்லை என்பதை அவர் ஏற்றுக்கொண்டதற்கு அது சான்று.

அகுஸ்தீனார் (354–430) இங்கே தவிர்க்க முடியாதவர். ஏறத்தாழ 397 முதல் 400 வரை அவர் எழுதிய தன்வரலாற்று நூல் முழுவதும் இறைவனை முன்னிலைப்படுத்திப் பேசும் செபமாகவே அமைந்தது. இளமையில் தாம் கற்பொழுக்கத்தை வேண்டியபோதே, அந்த வேண்டுதல் உடனடியாக நிறைவேறிவிடுமோ என்று உள்ளூர அஞ்சியதாக அதன் எட்டாம் பகுதியில் அவர் ஒப்புக்கொள்கிறார். அகக்குறை நீங்கச் செய்யும் செபத்தைப் பற்றி இதைவிடக் கூர்மையான அவதானிப்பு கிடைப்பது அரிது. நோய் நீங்கக் கேட்பவர் நோயை விரும்புவதில்லை. கோபமோ காமமோ நீங்கக் கேட்பவரோ பெரும்பாலும் அதன்மீது இன்னும் பற்றுக் கொண்டவராகவே கேட்கிறார். விருப்பம் பழக்கமாகி, பழக்கம் தவிர்க்க முடியாத கட்டாயமாகும் வழியை அவர் படிப்படியாக விவரித்திருப்பது இன்றைய உளவியல் மாணவருக்கும் பயன்படக்கூடியது.

இந்நூலில் ஒரு வேண்டுதல் மீண்டும் மீண்டும் வருகிறது: இறைவன் தாம் கட்டளையிடுவதைச் செய்யும் ஆற்றலையும் தாமே தரவேண்டும் என்பது அதன் பொருள். உரோமையில் வாழ்ந்த பெலாஜியுஸ் என்னும் துறவி இதைக் கேட்டுச் சினந்தார். செய்ய இயலாததை இறைவன் கட்டளையிட மாட்டார், மனிதருக்குத் தெரிவுச் சுதந்திரம் உண்டு, ஆகவே ஆற்றலைக் கேட்டு நிற்பது சோம்பலுக்கு வழிகாட்டும் என்பது அவர் வாதம். ஒழுக்கத்தில் உயர்ந்த அம்மனிதரின் அச்சம் வெறுமையானதன்று. ஆனால் 418இல் கூடிய கார்த்தேஜ் மன்றம் அவருடைய போதனையைக் கண்டித்தது. இறையருள் இன்றி மனிதர் தம்மைத் தாமே சீராக்கிக்கொள்ள முடியாது என்பது மேலைத் திருச்சபையின் நிலைப்பாடாயிற்று. அருள் என்பது இங்கே தகுதி பாராது இறைவன் அளிக்கும் உதவி. அந்த உதவி முயற்சியை விலக்குவதில்லை, முயற்சியைத் தொடங்கி வைப்பதே அதுதான் என்பதைப் பிற்காலக் கத்தோலிக்க இறையியல் விரிவாக வகுத்தது. விதிக்கும் மனித முயற்சிக்கும் இடையே அஷ்அரிய்யாக்கள், முஃதஸிலாக்கள் ஆகிய இஸ்லாமிய இறையியல் பிரிவினர் நடத்திய வாதங்களை அறிந்த முஸ்லிம் வாசகருக்கு இச்சர்ச்சை அந்நியமாகத் தோன்றாது.

கொள்கை இவ்வாறு இருக்க, நடைமுறையை வகுத்தவர்கள் எகிப்தியப் பாலைவனத் துறவிகள். எவாக்ரியுஸ் (345–399) உள்ளத்தைத் தாக்கும் தீய எண்ணங்கள் எட்டு என்று வகுத்தார். அவரைப் பின்பற்றிய யோவான் கசியான், எண்ணம் தாக்கும் வேளையில் நீண்ட செபம் செய்ய மனத்துக்குத் தெம்பிராது என்பதை உணர்ந்து, இறைவன் விரைந்து துணைக்கு வரவேண்டும் என்று கேட்கும் ஒரேயொரு திருப்பாடல் அடியை இடைவிடாது சொல்லிவரப் பயிற்றினார். ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் திருத்தந்தை பெரிய கிரகோரியார் அந்த எட்டை ஏழாக மாற்றியமைத்தார். பின்னாளில் சிறு மாறுதலோடு நிலைபெற்ற அந்தப் பட்டியலே அகங்காரம், உலோபம், மோகம், கோபம், போசனப்பிரியம், காய்மகாரம், சோம்பல் என்று தமிழ்க் கத்தோலிக்கச் செபப் புத்தகங்களில் தலையான பாவங்கள் ஏழாக அச்சிடப்பட்டது. காய்மகாரம் என்பது பிறர் நலங்கண்டு பொறாமை கொள்ளுதல். இவை ஒவ்வொன்றுக்கும் எதிரான புண்ணியமும் அருகே சொல்லப்படும்: அகங்காரத்துக்குத் தாழ்ச்சி, போசனப்பிரியத்துக்கு மட்டசனம், அதாவது அளவோடு உண்ணுதல், என்றவாறு. எட்டென்பதும் ஏழென்பதும் அவ்வளவு முக்கியமல்ல. தன் உள்ளத்தைப் பார்க்கும் ஒருவர் மங்கலான குற்றவுணர்வோடு திரும்பிவிடாமல் இன்ன குறை என்று சுட்டுவதற்குரிய சொற்களை இப்பட்டியல் எளிய மக்களின் கையிலும் தந்தது என்பதே அதன் பெரும்பேறு.

தமிழில் இதற்குத் தனி வரலாறு உண்டு. முத்துக்குளித்துறையில் பணியாற்றிய போர்த்துக்கேய இயேசு சபைக் குரு அன்றிக்கே அன்றிக்கஸ் 1578இல் கொல்லத்திலிருந்து ‘தம்பிரான் வணக்கம்’ என்ற சிறுநூலையும், 1579இல் கொச்சியிலிருந்து ‘கிரீசித்தியானி வணக்கம்’ என்பதையும் வெளியிட்டபின், 1580இல் பாவசங்கீர்த்தனத்துக்கு வழிகாட்டும் நூலொன்றை அச்சேற்றினார். பாவசங்கீர்த்தனம் என்பது பாவங்களைக் குருவிடம் வாய்விட்டு அறிக்கையிடுவது. இன்று அது ஒப்புரவு அருட்சாதனம் என்று வழங்கப்படுகிறது. தமிழெழுத்தில் அச்சான தொடக்ககால நூல்களுள் ஒன்று, மனிதர் தம் உள்ளத்தைத் தாமே விசாரிக்கத் துணைசெய்யும் நூல் என்பது தமிழ் அச்சு வரலாற்றில் போதிய கவனம் பெறாத செய்தி. பரதவர் சமூகத்துக்காக எழுதப்பட்ட அந்நூல், உள்ளத்தை ஆராயும் பயிற்சி மடங்களுக்கு மட்டுமே உரியது என்ற எண்ணத்தைத் தாண்டியது.

பாவசங்கீர்த்தனம் ஒரு நொடியில் கணக்குத் தீர்க்கும் சடங்கென்ற கருத்தை, தமிழ்க் கத்தோலிக்கச் சிறுவர்கள் மனப்பாடம் செய்துவந்த ஞானோபதேசமே மறுக்கிறது. அதற்கு ஐந்து காரியங்கள் வேண்டும். முதலில் ஆத்துமசோதனை, அதாவது உள்ளத்தை ஆராய்ந்து குற்றங்களை நினைவுக்குக் கொண்டுவருதல். அடுத்து அவற்றுக்காக மனஸ்தாபப்படுதல். இனிச் செய்வதில்லை என்று பிரதிக்கினை செய்தல். அதன்பின்னரே குருவிடம் சொல்லுதல். இறுதியில் அவர் விதிக்கும் அபராதத்தைத் தீர்த்தல். மனஸ்தாபத்தையும் அம்மரபு இரண்டாகப் பிரித்தது. தண்டனைக்கு அஞ்சி வருந்துவது அற்ப மனஸ்தாபம். அன்புக்குரிய இறைவனை நோகச் செய்தோமே என்று வருந்துவது உத்தம மனஸ்தாபம். களவெடுத்தவர் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் கடமையிலிருந்து குருவின் மன்னிப்பு அவரை விடுவிப்பதில்லை. இமாம் நவவி தவ்பாவுக்கு, அதாவது பாவத்திலிருந்து மீளுதலுக்கு, வகுத்த நிபந்தனைகளை அறிந்தவர்கள் இந்த வரிசையை உடனே இனங்கண்டுகொள்வர்: பாவத்தை விட்டுவிடுதல், செய்ததற்கு வருந்துதல், மீண்டும் செய்வதில்லை என்று உறுதிகொள்ளுதல், பிற மனிதரின் உரிமை சம்பந்தப்பட்டிருந்தால் அதை உரியவரிடம் ஒப்படைத்தல். வேறுபாடு குருவிடம் சொல்லுதல் என்னும் காரியத்தில்தான் எழுகிறது. அல்லாஹ் மறைத்துவைத்த குற்றத்தை மனிதரிடம் வெளிப்படுத்தலாகாது என்பது இஸ்லாமிய ஒழுக்கம். திருச்சபையின் பெயரால் அமர்ந்திருக்கும் ஒருவரிடம் சொல்லும்போதுதான் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது கடினமாகிறது என்பது கத்தோலிக்க அனுபவம்.

இலங்கையில் ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்திறங்கிய கோவாவைச் சேர்ந்த யோசேப்பு வாஸ் அடிகளார் மறைவாகச் சென்று மக்களின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டார். 2015இல் கொழும்பில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவருக்குப் பின் 1705இல் இலங்கை வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் எழுதினார். கிறிஸ்துவின் பாடுகளைத் தியானிக்கும் அவருடைய ‘வியாகுலப் பிரசங்கம்’ தவக்காலத்தில் வாசிக்கப்பட்டு வந்தது.

கிழக்குக் கரைக்கு இந்த ஒழுக்கம் அதன் மிக நுட்பமான வடிவத்தில் வந்து சேர்ந்தது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில். 1893இல் நிறுவப்பட்ட திருகோணமலை மறைமாவட்டம் 1895இல் பிரெஞ்சு இயேசு சபையினரிடம் ஒப்படைக்கப்பட்டது; இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் மாகாண இயேசு சபையினர் இங்கு பணியேற்றனர். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களை உள்ளடக்கிய மட்டக்களப்பு மறைமாவட்டம் 2012இல் தனியாகப் பிரிக்கப்பட்டது. மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியின் பெயரால் இயேசு சபையினரைப் பலரும் அறிவர். ஆனால் அவர்கள் தம்முடன் கொண்டுவந்த செல்வங்களுள் முதன்மையானது, சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் வகுத்து 1548இல் உரோமையில் அச்சான ஆன்மிகப் பயிற்சிகள் நூலும், அதிலுள்ள தற்சோதனை முறையும் ஆகும்.

இஞ்ஞாசியார் இருவகைச் சோதனைகளைச் சொல்கிறார். பொதுச் சோதனை ஐந்து படிகளைக் கொண்டது. முதற்படி பெற்ற நன்மைகளுக்கு நன்றி. இரண்டாவது, தன் குற்றங்களை அறியவும் அகற்றவும் அருள்கேட்டல். மூன்றாவதாகவே நாளை மணிமணியாகத் திரும்பிப் பார்த்தல். பின்னர் மன்னிப்புக் கேட்டலும், அருளின் துணையோடு திருந்த உறுதிகொள்ளலும். இந்த வரிசையை ஊன்றிப் பார்க்கவேண்டும். உள்ளத்தைப் பார்க்கும் முன்பே, பார்க்கும் கண்ணைத் தருமாறு கேட்கவேண்டியிருக்கிறது. தன் குறை தனக்குத் தெரியும், அதை நீக்கும் வலிமைதான் இல்லை என்றே சாதாரணமாக எண்ணப்படுகிறது. தெரியாமையே முதல் நோய் என்று இஞ்ஞாசியார் கருதினார். கடுஞ்சொல் பேசுபவர் தம்மை நேர்மையாளர் என்றும், உலோபி தம்மைச் சிக்கனக்காரர் என்றும் நம்பிக்கொண்டிருக்கும்வரை அவர்கள் செய்யும் எந்த மன்றாட்டும் குறி தவறியே போகும்.

தனிச் சோதனை எனப்படும் மற்றது ஒரேயொரு குறையை மட்டும் எடுத்துக்கொள்கிறது. காலையில் எழுந்தவுடன் அன்று அக்குறைக்கு எதிராக விழிப்பாயிருக்க உறுதிகொள்ளவேண்டும். நண்பகல் உணவுக்குப் பின் ஒருமுறையும் இரவுணவுக்குப் பின் ஒருமுறையும், எத்தனை தரம் வீழ்ந்தோம் என்பதை நினைவுபடுத்தித் தருமாறு இறைவனை வேண்டி, வீழ்ச்சி ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளியைக் கோட்டின்மேல் குறிக்கவேண்டும். நாளொன்றுக்கு இரண்டு கோடுகள். இரவுக் கோட்டைப் பகற்கோட்டோடும், இன்றையதை நேற்றையதோடும், இவ்வாரத்தைச் சென்ற வாரத்தோடும் ஒப்பிடவேண்டும். வீழ்ந்த கணத்திலேயே பிறர் அறியாதவாறு நெஞ்சில் கைவைத்து வருந்தவும் அவர் சொல்லிக்கொடுக்கிறார். சந்தைக் கூட்டத்தின் நடுவிலும் ஒருவர் இதைச் செய்யலாம், எவருக்கும் தெரியாது. ஆன்மிகத்தில் புள்ளியும் கோடும் எதற்கு என்று முகஞ்சுளிப்பவர்கள் உண்டு. ஆயினும் எல்லாப் பாவங்களையும் போக்கிவிடு என்று ஒரே மூச்சில் கேட்டுவிட்டு எழுந்து போவதைவிட, இன்று மனைவியிடம் மூன்று தரம் எரிந்து விழுந்தேன் என்று எண்ணிச் சொல்வது எத்தனையோ மடங்கு கடினமானது. அந்தக் கடினத்திலேதான் செபம் உண்மையாகிறது.

இஞ்ஞாசியாருக்கு நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே இமாம் கஸ்ஸாலி (1058–1111) ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலின் 38ஆம் பகுதியில் முராக்கபா, முஹாசபா என்பவற்றை விளக்கினார். முராக்கபா என்பது இறைவன் பார்க்கிறான் என்ற உணர்வோடு உள்ளத்தைக் கண்காணித்தல். முஹாசபா என்பது அதனிடம் கணக்குக் கேட்டல். வணிகர் தம் பங்காளியிடம் முதலைக் கொடுத்து, காலையில் நிபந்தனை பேசி, பகலில் கவனித்து, இறுதியில் இலாப நட்டம் பார்ப்பதைப் போன்று, அறிவானது நப்ஸோடு, அதாவது தன் மனத்தோடு, நடந்துகொள்ளவேண்டும் என்பது அவர் தரும் உவமை. நெசவும் புடைவை வியாபாரமும் பழகிய மருதமுனைக்கு இது எளிதில் விளங்கும். காலை உறுதி, பகற் கண்காணிப்பு, மாலைக் கணக்கு என்ற அமைப்பு இரு பெரியார்களிடமும் ஒத்திருப்பது வியப்பூட்டுவது. ஒருவர் மற்றவரிடமிருந்து பெற்றார் என்று கொள்ளத் தேவையில்லை. மனித உள்ளத்தை நேர்மையாகக் கவனித்த இருவர் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தனர் என்று கொள்வதே பொருத்தம்.

இந்தக் கரையில் கத்தோலிக்கரோடு மெதடிஸ்தரும் உள்ளனர். 1814இல் இலங்கை வந்த முதல் மெதடிஸ்த மிஷனரிகளுள் ஒருவரான வில்லியம் ஓல்ற் அதே ஆண்டில் மட்டக்களப்பை அடைந்து, பாடசாலைகளைத் தொடக்கி, எட்டு மாதங்களில், 1815 ஏப்ரலில், இளவயதிலேயே மறைந்தார். அவர் சார்ந்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியின் சபை அமைப்பு, அகக்குறைக்கு எதிரான செபத்தைத் தனியறையிலிருந்து சிறுகுழுவுக்குள் கொண்டுவந்தது. 1738இல் அவர் எழுதிய விதிகளின்படி, சிறுகுழுவில் கூடியவர்கள் சென்ற கூட்டத்துக்குப் பின் தாம் அறிந்து செய்த குற்றம் எது, எந்தச் சோதனை வந்தது, அதிலிருந்து எவ்வாறு தப்பினர் என்று ஒருவரையொருவர் கேட்டு, ஒருவருக்காக ஒருவர் மன்றாடவேண்டும். 1742இல் பிரிஸ்டல் நகரில் தோன்றிய வகுப்புக் கூட்டங்களின் தொடக்கம் இன்னும் சுவையானது. தேவாலயக் கடனை அடைக்க, பன்னிருவருக்கு ஒருவர் பொறுப்பேற்று வாரம் ஒரு பென்னி திரட்டலாம் என்று கப்டன் போய் என்பவர் யோசனை கூறினார். காசு திரட்ட வீடுவீடாகச் சென்றவர்கள் அங்கங்கே குடியையும் குடும்பச் சண்டையையும் கண்டுவந்து சொல்ல, அந்த ஏற்பாடே ஆன்மிகக் கண்காணிப்பாக மாறியது. கத்தோலிக்கர் குருவிடம் தனித்துச் சொல்வதை மெதடிஸ்தர் தம்மைப் போன்ற சாதாரண விசுவாசிகளிடம் சொன்னார்கள். புதுவருடத்தின் முதல் ஞாயிறன்று நடைபெறும் உடன்படிக்கை ஆராதனையில் தம்மை மீண்டும் இறைவனிடம் ஒப்படைக்கும் வழக்கம் 1755இல் வெஸ்லி தொடக்கியது. இலங்கை மெதடிஸ்த திருச்சபையிலும் அது தொடர்கிறது.

தமிழ்க் கவிதைக்கும் இதில் பங்கு உண்டு, ஆனால் அதைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் வேண்டும். தன்னை நாயினும் கடையவன் என்று தாழ்த்திப் பாடுவது சைவ, வைணவ பக்தி மரபில் ஆழ வேரூன்றியது. குணங்குடி மஸ்தான் சாகிபு முதலான முஸ்லிம் ஞானிகளிடமும் அதன் சாயல் உண்டு. வைணவராகப் பிறந்து 1858இல் ஞானமுழுக்குப் பெற்ற எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் கிறிஸ்தவப் பாடல்களும் அந்த நடையையே ஏற்றன. உயர்ந்த கவிஞர் கையில் அது உயிருள்ள வேதனை. பாடிப் பழகிய சபையில் அதுவே, எந்தக் குறையையும் சுட்டாமல் எல்லாப் பாவத்தையும் ஒப்புக்கொள்ளும் வசதியான இசையாகிவிடலாம். தாம் மாபாவி என்று உருகிப் பாடுபவர், தம் சகோதரிக்குச் சேரவேண்டிய வயற்பங்கை மறைத்ததைச் சொல்லாமலே எழுந்து போகலாம். கிருஷ்ணபிள்ளையின் பெரும்பணி வேறிடத்தில் உள்ளது. ஜோன் பனியன் 1678இல் எழுதிய பயணக் கதையைத் தழுவி அவர் இயற்றி 1894இல் வெளிவந்த ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் காப்பியம், கிறிஸ்து சுமந்துவிட்டதால் கிறிஸ்தவருக்குப் போராட்டம் இல்லை என்ற எண்ணத்துக்கு நேர்விடையாக அமைகிறது. பனியனின் கதையில் யாத்திரிகரின் முதுகுச்சுமை சிலுவையருகே, பயணத்தின் தொடக்கப் பகுதியிலேயே விழுந்துவிடுகிறது. செங்குத்து மலை, அரக்கனோடு போர், மாயச் சந்தை, ஐயக்கோட்டைச் சிறை எல்லாம் அதற்குப் பிறகே வருகின்றன.

இந்தப் பாதையில் ஓர் ஆபத்தும் உண்டு. இஞ்ஞாசியார் 1522இல் மன்ரேசாவில் தங்கியிருந்தபோது, அறிக்கையிட்ட பாவங்களையே மீண்டும் மீண்டும் தோண்டியெடுத்து, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்வரை சென்றார். பழைய பாவங்களை இனி அறிக்கையிடுவதில்லை என்று முடிவெடுத்த பின்னரே அமைதி பெற்றார். மார்ட்டின் லூத்தரும் துறவியாயிருந்த காலத்தில் இதே வாதையை மணிக்கணக்கான பாவஅறிக்கைகளில் அனுபவித்தவர். நோய்க்கு ஒப்பான இந்நிலை செபம் கூடியதால் வருவதன்று. இறைவனைப் பார்க்கவேண்டிய கண் தன்னையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பதால் வருவது. பொதுச் சோதனை நன்றியோடு தொடங்குவதன் காரணம் இப்போது புலப்படும். கேட்டும் நீங்காத குறைகள் உண்டு என்பதையும் மரபு மறைக்கவில்லை. தம் உடலில் தைத்த முள் நீங்குமாறு பவுல் மூன்று தரம் மன்றாடியும் அது நீங்கவில்லை, தாங்கும் அருளே கிடைத்தது என்று கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகம் கூறுகிறது. அந்த முள் நோயா, சோதனையா, பகைவரா என்பதில் உரையாசிரியர்கள் ஒன்றுபடவில்லை.

தன் குறையை ஆராய்வது பிறர் துன்பத்துக்கு அவர் பாவத்தைக் காரணம் காட்டுவதாக மாறிவிடவும் கூடாது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை மருதமுனையையும் பெரியநீலாவணையையும் கல்முனையையும் அழித்துச் சென்றபின், மாண்டவர்களின் ஒழுக்கத்தைக் குறித்த பேச்சுகள் எல்லாச் சமயத்தாரிடமும் எழுந்தன. சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த பதினெண்மர் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகளா என்று கேட்டு, அந்த எண்ணத்தை இயேசு மறுத்ததை லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரம் பதிந்துள்ளது. விசாரணை ஒவ்வொருவரின் உள்ளத்தை நோக்கி மட்டுமே திருப்பப்படவேண்டியது.

அண்மைக்காலத்தில் இந்த மன்றாட்டு எதிர்கொண்ட மிகக் கடுமையான சோதனை 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்ப்பு ஞாயிறன்று வந்தது. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து, ஞாயிறு பாடசாலைக்கு வந்திருந்த சிறுவர்கள் உட்படப் பலர் மாண்டனர். ஐந்து நாட்களின் பின் கல்முனைக்குத் தெற்கே சாய்ந்தமருதில் நடந்த வெடிப்பிலும் பெண்களும் குழந்தைகளும் இறந்தனர். தம் மார்க்கத்தின் பெயரால் செய்யப்பட்ட கொடுமையைக் கண்டு முஸ்லிம்கள் துடித்தனர், அதன்பின் வந்த சந்தேகப் பார்வையையும் சுமந்தனர். பிள்ளையை இழந்த ஒரு தாயின் கோபத்தைத் தலையான பாவங்களின் பட்டியலில் எழுத எவருக்கும் உரிமையில்லை. எனினும் அந்தக் கோபம் நாளடைவில் ஒரு சமூகம் முழுவதன்மீதும் படரும் வெறுப்பாகத் திரியும் இடம் ஒன்று உண்டு; அந்த எல்லையை வெளியிலிருந்து எவரும் காட்ட முடியாது, உள்ளிருந்து கண்டு, பெயர் சொல்லி, துணை கேட்கவே முடியும். கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித் ஓராண்டுக்குப் பின் உயிர்ப்புப் பெருநாள் மறையுரையில் தாக்கியவர்களை மன்னித்ததாக அறிவித்தார். உண்மையையும் நீதியையும் கோருவதை அவர் அதனால் நிறுத்திக்கொள்ளவில்லை. மன்னித்த உள்ளம் நியாயத்தைக் கேட்கும் உரிமையைக் கைவிடவேண்டியதில்லை என்பதை அவருடைய செயல் தெளிவாக்கியது.

செபத்தின் முடிவு தேவாலயத்துக்குள் இல்லை என்பதை மத்தேயு நற்செய்தியின் 5ஆம் அதிகாரம் ஒரு நேரடியான கட்டளையாகவே தருகிறது. காணிக்கை செலுத்த வந்தவர், தம்மேல் மனத்தாங்கல் கொண்ட ஒருவர் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையைப் பீடத்தின் முன்னே வைத்துவிட்டுப் போய், முதலில் அவரோடு உறவைச் சீராக்கிக்கொண்டு, பின்னர் வந்து செலுத்தவேண்டும். ஹக்குல் இபாத், அதாவது அடியார்களின் உரிமை சம்பந்தப்பட்ட குற்றத்தை, உரியவர் விட்டுக்கொடுக்கும்வரை தவ்பா மட்டும் தீர்க்காது என்று இஸ்லாமிய அறிஞர்கள் கூறுவதும் இதுவே. இந்தக் கரையில் அந்த உரியவர் பல வேளைகளில் வேறு சமயத்தவராகவே இருக்கிறார்: எல்லைவேலியை நகர்த்திப்போட்ட அயற்காணிக்காரர், கூலி குறைத்துக் கொடுக்கப்பட்ட தறிக்காரர், கலவரக் காலத்தில் கதவு திறக்கப்படாமல் திரும்பிப்போன பழைய நண்பர். மெதடிஸ்தரோ கத்தோலிக்கரோ தம் சபைக்குள்ளே செய்த அறிக்கை இவர்களுடைய காதுக்கு எட்டுவதில்லை; அவர்களிடம் போய்ச் சொல்வதற்குத் திருச்சபை எந்தச் சடங்கையும் வகுத்து வைக்கவில்லை, போகும் துணிவை வேண்டும் செபத்தை மட்டுமே கற்றுக்கொடுத்திருக்கிறது.